மாமன் மகளும் சாச்சா மகளும்: மானிடவியல் பள்ளிகளினூடே ஓர் உறவுமுறை

அரபுக் கல்லூரியில் மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும்போது ஆண்டுதோறும் தவறாமல் நேரும் இடறல் ஒன்று உண்டு. எகிப்தியச் சிறுகதை ஒன்றில் கதைநாயகன் தன் மனைவியின் தந்தையை ‘அம்மீ’ என்று அழைப்பான். அகராதியைப் புரட்டும் மாணவர், ‘அம்மு’ என்றால் தந்தையின் உடன்பிறந்தார் என்று கண்டு, ‘சாச்சா’ என எழுதிவிடுவார். மாமனாரைச் சாச்சா என்று கூப்பிடும் மருமகனை எண்ணி வகுப்பே சிரிக்கும். ‘மாமா என்று எழுதுங்கள்’ என்று நான் திருத்துவேன். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழும்: ‘உஸ்தாத், மாமா என்றால் காலு அல்லவா?’

கேள்வி நியாயமானதே. ‘காலு’ என்பது தாயின் உடன்பிறந்தாரைக் குறிக்கும் அரபுச் சொல். பெண் கொடுத்தவரை அரபு வழக்கு தந்தையின் சகோதரர் இருக்கும் இடத்தில் அமர்த்துகிறது. தமிழ் வழக்கோ தாயின் சகோதரர் இருக்கும் இடத்தில் அமர்த்துகிறது. அரபியர் நெடுங்காலமாக விரும்பி மணந்தது ‘பின்துல் அம்மு’ எனப்படும் தந்தையின் சகோதரர் மகளை. தமிழருக்கோ அவள் தங்கை. முறைப்பெண் என்பவள் மாமன் மகள் அல்லது அத்தை மகள். இரு மொழிகளும் தத்தம் திருமண விருப்பத்தை மாமனாரின் பெயருக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கின்றன. வகுப்பறையில் சிரிப்புக்கு இடமான இந்தச் சிறு வேறுபாடு, மானிடவியல் என்னும் துறையை நூற்றைம்பது ஆண்டுகளாக அலைக்கழித்து வந்துள்ளது என்பதை நான் முதுகலைப் படிப்பின்போதுதான் அறிந்தேன்.

மானிடவியலை நான்கு கிளைகளாகப் பகுப்பது அமெரிக்க மரபு. மனித உடலையும் அதன் மாற்றங்களையும் ஆராய்வது உடல்சார் மானிடவியல். மண்ணில் புதைந்த வாழ்வை அகழ்ந்தெடுப்பது தொல்லியல். பேச்சை ஆராய்வது மொழியியல் மானிடவியல். வாழும் சமூகங்களின் நடைமுறைகளை ஆராய்வது சமூக, பண்பாட்டு மானிடவியல். பிரிட்டனில் இறுதியாகச் சொன்னதே பெரும்பாலும் தனித்துறையாக வளர்ந்தது. நாம் எடுத்துக்கொண்ட உறவுமுறை, தொல்லியல் நீங்கலாக ஏனைய மூன்று கிளைகளையும் தொட்டுச் செல்வது. எனினும் இதன் சுவையான வரலாறு நான்காம் கிளையில்தான் உள்ளது.

அவ்வரலாறு தமிழிலிருந்தே தொடங்குகிறது எனலாம். லூயிஸ் ஹென்றி மார்கன் (1818–1881) அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வழக்கறிஞராக இருந்தவர். அண்டையில் வாழ்ந்த செனகா பழங்குடியினர் தந்தையின் சகோதரரைத் ‘தந்தை’ என்றும், தாயின் சகோதரியைத் ‘தாய்’ என்றும், அவர்களுடைய பிள்ளைகளை உடன்பிறந்தார் என்றும் அழைப்பதையும், தாயின் சகோதரருக்கு மட்டும் வேறு பெயர் வைத்திருப்பதையும் அவர் கண்டார். உலகெங்கும் உள்ள மிஷனரிகளுக்கும் தூதரகங்களுக்கும் வினாப்பட்டியல் அனுப்பினார். 1859இல் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கட்டர் குடும்பத்தினர் வழியாகத் தமிழ் உறவுப் பெயர்கள் அவர் கைக்குக் கிட்டின. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா. ஆனால் மாமா, அத்தை. செனகா முறையும் தமிழ் முறையும் அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருந்தன. அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தோரே என்பதற்கு இதுவே சான்று என அவர் முடிவு கட்டினார். உறவுமுறை ஆய்வு என்னும் துறைக்கு அடித்தளமிட்ட அவரது பெருநூல் 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது.

அந்நூலில் மார்கன் உலக மொழிகளை இரு கூட்டமாகப் பிரித்தார். உறவினரை ஒவ்வொருவராக விவரித்துச் சொல்பவை ஒரு கூட்டம். பலரை ஒரே பெயரில் வகைப்படுத்திச் சொல்பவை மற்றொன்று. ஐரோப்பிய மொழிகளோடு அரபியும் முதல் கூட்டத்தில் இடம்பெற்றது, தமிழ் இரண்டாவதில். ‘இப்னு அம்மு’ என்றால் தந்தையின் சகோதரர் மகன் என்று தெளிவாக விவரிக்கிறதல்லவா என்பது அவர் கருத்து. 1877இல் வெளிவந்த பண்டைச் சமூகம் பற்றிய நூலில் காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்னும் ஏணி ஒன்றையும் அவர் சாத்தினார். வகைப்படுத்தும் உறவுப் பெயர்கள், மறைந்துபோன பண்டைத் திருமண முறைகளின் எச்சங்களாக அதன் கீழ்ப்படிகளில் வைத்து விளக்கப்பட்டன. பரிணாமப் பள்ளி என வழங்கப்படுவது இதுவே. எங்கெல்ஸ் 1884இல் எழுதிய குடும்பம் பற்றிய நூலுக்கும் இதுவே மூலப்பொருளாயிற்று.

மார்கனுக்கு ஸஹீஹுல் புகாரியின் தொடக்க ஹதீஸ்களைக் காட்டியிருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முதல் வஹீக்குப் பின் அன்னை கதீஜா (ரலி) அவர்கள் நபிகளாரை (ஸல்) வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் செல்கிறார்கள். வரகாவை ‘இப்னு அம்மு’ என விளிக்கிறார்கள். அவர் உண்மையிலேயே அன்னையின் தந்தைவழி ஒன்றுவிட்ட சகோதரர். அதே மூச்சில் நபிகளாரை வரகாவுக்கு ‘உம் சகோதரர் மகன்’ என அறிமுகம் செய்கிறார்கள். இருவரும் குறைஷிக் குலத்தவர் என்பதன்றி அப்படியோர் இரத்த உறவு அவர்களுக்கிடையே இல்லை. ஒரே வாக்கியத்தில் ஒரு சொல் விவரிக்கிறது, மற்றொரு சொல் வகைப்படுத்துகிறது. இன்றும் அரபு நாட்டுக் கடைவீதியில் முன்பின் அறியாத முதியவர் எவரும் ‘யா அம்மு’தான். மொழிகளை ஏணிப்படிகளில் ஏற்றி நிறுத்துவது அத்துணை எளிதன்று.

இதே பள்ளியின் மற்றொரு பேரறிஞர் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இவர், விவிலியத்தை வரலாற்று நோக்கில் ஆராய்ந்த குற்றத்திற்காகத் தம் திருச்சபைக் கல்லூரியின் பேராசிரியர் பதவியை 1881இல் இழந்து, பின்னர் கேம்பிரிட்ஜில் அரபுப் பேராசிரியரானவர். பண்டை அரபகத்தின் உறவும் திருமணமும் பற்றி 1885இல் அவர் எழுதிய நூல், அரபியர் ஒரு காலத்தில் தாய்வழிச் சமூகத்தினராக இருந்தனர் என்று வாதிட்டது. ஜாஹிலிய்யாக் காலக் கவிதையையும் நசபு நூல்களையும் அவர் கையாண்ட புலமையை எவரும் மெச்சுவர். ஆனால் முடிவை முன்னரே கையில் வைத்துக்கொண்டு சான்று தேடியவராகவே அவர் எனக்குப் படுகிறார். நசபு நூல்களை எழுதிய ஹிஷாம் இப்னுல் கல்பீ போன்றோர் குலங்களின் பெயரையும் கிளையையும் பதிவு செய்தனர். அவற்றிலிருந்து எழுத்தறியாக் காலத்துத் திருமண முறையை ஊகித்தெடுப்பது வேறு வேலை.

ஊகத்தை விட்டு மனிதர்களிடமே சென்று கேட்க வேண்டும் என்னும் மாற்றத்தைக் கொணர்ந்தோருள் ரிவர்ஸ் குறிப்பிடத்தக்கவர். மருத்துவரான அவர் 1901–02இல் நீலகிரியில் தங்கி, தொதவர்களின் குடிவழிகளை வீடுவீடாகக் கேட்டெழுதி 1906இல் நூலாக்கினார். 1914இல் வெளியான அவரது சொற்பொழிவுகளில் நம் மாணவரின் கேள்விக்கே விடை இருக்கிறது: தாயின் சகோதரருக்கும் மாமனாருக்கும் ஒரே சொல் வழங்கும் இடங்களில், மாமன் மகளை மணக்கும் வழக்கமே அச்சொல்லுக்குக் காரணம் என்றார். ரிவர்ஸோ பிற்காலத்தில், வழக்கங்கள் யாவும் இடம்விட்டு இடம் பரவியவையே என்னும் பரவற்கொள்கையின்பால் சாய்ந்தார். அப்பள்ளி நெடுநாள் நிலைக்கவில்லை. நாமும் அதில் தங்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் உடல்சார் மானிடவியல் மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டிருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் லப்பைகளும் மரைக்காயர்களும்கூட இடம்பெற்றுள்ளனர். அமெரிக்காவிலோ, ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஃபிரான்ஸ் போவாஸ், குடியேறியோரின் பிள்ளைகளை அளந்து, மண்டையின் வடிவம் ஒரே தலைமுறையில் சூழலால் மாறக்கூடியது என 1911இல் காட்டி, அந்த அளவுகோலையே ஐயத்திற்குள்ளாக்கினார். ஒவ்வொரு பண்பாட்டையும் அதன் வரலாற்றுக்குள் வைத்தே அறிய வேண்டும். எல்லாருக்கும் பொதுவான ஏணி என ஒன்றில்லை என்பது அவரது பள்ளியின் நிலைப்பாடு.

பிரிட்டனில் மாலினோவ்ஸ்கியும் ராட்கிளிஃப்-பிரவுனும் ஏணியை வேறு வகையில் அகற்றினர். ஒரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை விட்டு, அது இன்று என்ன வேலை செய்கிறது எனக் கேட்பதே செயற்பாட்டுப் பள்ளி. அதன் மாணவருள் நம் கவனத்திற்குரியவர் எவன்ஸ்-பிரிட்சர்ட். 1930களின் தொடக்கத்தில் கெய்ரோவில் பேராசிரியராக இருந்தவர். அரபு பேசத் தெரிந்தவர். அன்றைய சூடானின் நுயெர் மக்கள் அரசன் இன்றி எவ்வாறு ஒழுங்குடன் வாழ்கின்றனர் என்பதற்கு, கிளைகள் பகையில் பிரிந்தும் பொதுப் பகைவனுக்கு எதிரே சேர்ந்தும் இயங்குவதே விடை என 1940இல் எழுதினார். 1949இல் லிபியாவின் ஸனூஸி இயக்கம் பற்றி எழுதிய நூலில், இத்தாலியரை எதிர்த்த பதவீக் குலங்களிடமும் இதே அமைப்பைக் கண்டார்.

இவ்விடத்தில் இப்னு கல்தூனை நினையாதிருக்க எங்களைப் போன்றோரால் இயலாது. 1377இல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள இப்னு ஸலாமா கோட்டையில் தங்கி முகத்திமாவை எழுதிய அவர், குலப்பிணைப்பாகிய அஸபிய்யாவே ஆட்சியின் வேர் என்றார். அதைவிட நுட்பமானது மற்றொன்று: நசபு என்பது எண்ணத்தில் நிற்கும் ஒரு பொருள், அது தரும் பிணைப்பும் உதவியுமே அதன் பயன் என்கிறார். குடிவழி உண்மையா பொய்யா என்பதன்று, அது மக்களைச் சேர்க்கிறதா என்பதே அவருக்குக் கேள்வி. எர்னஸ்ட் கெல்னர் 1981இல் முஸ்லிம் சமூகம் பற்றிய தம் நூலில் இப்னு கல்தூனை வெளிப்படையாகவே துணைக்கழைத்தார். ஆயினும் மொராக்கோ மலைக் குலங்களுக்குப் பொருந்தியதை முஸ்லிம் உலகு முழுமைக்கும் விரித்தது மிகை. கீழக்கரையின் கப்பல் வணிகருக்கும் அட்லஸ் மலை ஆட்டிடையருக்கும் ஒரே சூத்திரம் எப்படிப் பொருந்தும்?

இனி அமைப்பியல் பள்ளி. லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் வெளியிட்ட உறவுமுறையின் அடிப்படை அமைப்புகள் பற்றிய நூலின் சாரம் இது: தன் மகளையும் சகோதரியையும் தானே மணக்கலாகாது என்ற தடையின் மறுபக்கம், அவர்களைப் பிறர்க்குக் கொடுத்தாக வேண்டும் என்னும் கடமை, கொடுப்பதாலும் கொள்வதாலுமே குடும்பங்கள் சமூகமாகின்றன. இக்கோட்பாட்டிற்கு மாமன் மகள் திருமணம் வாய்ப்பாக அமைந்தது. அவர் வழியில் லூயி துய்மோன் மதுரை வட்டாரத்தின் பிறமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்து, தமிழ் உறவுப் பெயர்கள் இரத்தத்தைக் காட்டிலும் கொள்வினை கொடுப்பினையையே சொல்கின்றன என 1953இலும் 1957இலும் எழுதினார். அவர் கண்ணில் மாமா என்பவர் தாயின் சகோதரர் என்பதைவிட, தந்தைக்குப் பெண் கொடுத்த குடும்பத்தவர். நம் மக்கள் ‘பங்காளி’ என்றும் ‘மாமன் மச்சான்’ என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசுவதைத்தான் அவர் கோட்பாடாக்கினார்.

ஆனால் பின்துல் அம்மு? சாச்சா மகளை மணப்பவன் எவருக்கும் எதையும் கொடுக்கவில்லை, எவரிடமிருந்தும் கொள்ளவில்லை. பெண் வீட்டைவிட்டு வெளியேறவே இல்லை. கொடுக்கல் வாங்கலே சமூகம் என்னும் கோட்பாடு இங்கே முட்டி நின்றது. ஃப்ரெட்ரிக் பார்த் 1954இல் குர்திஸ்தானை வைத்து ஒரு விடை தந்தார்: பெண்ணைத் தம்பி மகனுக்குக் கொடுப்பவர், பூசல் வரும்போது அவனுடைய தோள்வலியைத் தமக்கென உறுதி செய்துகொள்கிறார். 1959இல் மர்ஃபியும் காஸ்டனும் நேர்மாறாக, இத்திருமணம் ஒவ்வொரு கிளையையும் தனித்தனியே மூடிக்கொள்ளச் செய்து குலம் பிளவுபடவே வழி செய்கிறது என்றனர். ஒரே திருமணம் ஒருவருக்குப் பசை, மற்றவருக்கு உளி.

இம்முடிச்சை அவிழ்த்தவர் எனப் பியர் போர்தியூவைச் சொல்வேன். அல்ஜீரிய விடுதலைப் போர்க் காலத்தில் கபீலியா மக்களிடையே ஆய்வு செய்த அவர், 1972இல் வெளியிட்ட நூலில் அமைப்பியலின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார். ஒரே பெண் ஆண்வழியில் எண்ணினால் சாச்சா மகளாகவும், பெண்வழியில் எண்ணினால் மாமன் மகளாகவும் இருக்கக்கூடும். சபையில் பெருமையுடன் சொல்லப்படுவது ஆண்வழி உறவு, ஆனால் வீட்டுக்குள் பெண்கள் பேசி முடித்தது வேறு உறவாக இருக்கலாம். ஆகவே ‘விதி’ எனப்படுவது மக்கள் சொல்லிக்கொள்வது. நடப்பது சீட்டாட்டத்தில் கைக்கு வந்த சீட்டைப் பார்த்து ஆடும் ஆட்டம் போன்றது. 1986இல் லைலா அபூ லுகத் எகிப்தின் மேற்குப் பாலைவனத்து அவ்லாத் அலீ குலத்தாரிடையே கண்டெழுதிய நூல், அதுவரை அட்டவணையில் முக்கோணமும் வட்டமுமாக இருந்த பெண்களைப் பேச வைத்தது. மானத்தைப் பற்றிச் சபையில் ஒரு பேச்சு, மனத்தைப் பற்றித் தங்களுக்குள் பாடும் சிறு கவிதைகளில் மற்றொரு பேச்சு.

இத்தனை பள்ளிகளையும் கடந்து வந்தபின் நம் கையிலிருக்கும் கிதாபுகளைத் திறந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனம் மணக்கக் கூடாதோரைப் பட்டியலிடுகிறது. சகோதரி மகள் அதில் இருக்கிறாள், ஒன்றுவிட்ட உறவுப் பெண்கள் இல்லை. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 50ஆம் வசனம் சாச்சா மகள், மாமி மகள், மாமன் மகள், சாச்சி மகள் ஆகிய நால்வகையினரையும் ஆகுமானோர் வரிசையில் குறிப்பிடுகிறது. எனினும் ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூலான மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், மணப்பெண் நெருங்கிய உறவாக இல்லாதிருப்பது விரும்பத்தக்கது என்கிறார்கள். அதன் விரிவுரையான முக்னீ அல்முஹ்தாஜில் கதீப் ஷிர்பீனீ (ரஹ்) எடுத்துக்காட்டும் காரணங்களுள் ஸன்ஜானீ கூறியதாக ஒன்று வருகிறது: திருமணத்தின் நோக்கங்களுள் ஒன்று குலங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து உதவிக்கொள்வது, நெருங்கிய உறவில் மணந்தால் அது கிட்டாது. ஷிர்பீனீ மறைந்தது 1570இல். லெவி-ஸ்ட்ராஸின் கருத்தை அவருக்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே எங்கள் பாடநூல் ஒரே வரியில் சொல்லிச் சென்றிருக்கிறது. அவ்வரியை மாணவனாக ஓதியபோது நான் கவனிக்கவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நபிகளார் (ஸல்) தம் அத்தை உமைமாவின் மகள் ஸைனப் (ரலி) அவர்களை மணந்தார்களே என்னும் வினாவையும் விரிவுரையாளர் எழுப்பி, அது ஆகுமானது எனக் காட்டுவதற்கு என விடை சொல்கிறார். அலீ (ரலி), ஃபாத்திமா (ரலி) திருமணமோ ஒன்றுவிட்ட சகோதரரின் மகளோடு நிகழ்ந்தது. அது ‘நெருங்கிய’ என்ற அளவுக்குள் வாராது. ஆகாதது, ஆகுமானது, விரும்பத்தக்கது, வழக்கமானது என நான்கையும் பிரித்து வைக்கும் இக்கண்ணே, மக்கள் சொல்வதும் செய்வதும் வேறு எனப் போர்தியூ பின்னர் கண்டதற்கு அருகில் வருகிறது.

தமிழ் முஸ்லிம்களின் திருமண முறையை இக்கண்ணோடு பார்த்தால்தான் அது விளங்கும். தமிழரிடையே பரவலாக உள்ள அக்காள் மகள் திருமணத்தை ஷரீஅத் தடுத்தது. நம்மவர் அறவே விட்டனர். பாலுறவுச் சட்டமோ தமிழர் அறியாத புதிய வேலியைப் போட்டது: மாமியிடம் குழந்தைப் பருவத்தில் உரிய அளவு பால் குடித்தவனுக்கு மாமி மகள் முறைப்பெண் அல்லள், உடன்பிறந்தவள். மாமன் மகள் திருமணத்தை மார்க்கமும் தமிழும் ஒருங்கே அனுமதித்தன, அது தொடர்ந்தது. மார்க்கம் அனுமதித்துத் தமிழ் மறுத்தவை சாச்சா மகள் திருமணமும் சாச்சி மகள் திருமணமும். பல ஊர்களில் தமிழின் மறுப்பே நின்றது. இலங்கையின் கிழக்குக் கரையில் அக்கரைப்பற்றை 1969 முதல் ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட நூலில், அங்கு முஸ்லிம்கள் தாய்வழிக் குடிகளாகப் பகுக்கப்பட்டிருப்பதையும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் அக்குடிகளின் சார்பில் மரைக்காயர்கள் அமர்வதையும் விவரித்துள்ளார். தாய்வழிக் குடியும் தந்தைவழி நசபும் ஒரே ஊரில் முரணின்றி வாழ்கின்றன.

இதை அரைகுறை இஸ்லாம் என்று எழுதிய ஆய்வாளரும் உண்டு. அவ்வாறே கருதும் நம்மவரும் உண்டு. முஹம்மது அஸதின் மகனும் சூடானின் கபாபிஷ் அரபியரை ஆராய்ந்தவருமான தலால் அஸத், இஸ்லாத்தை ஊருக்கொன்றாகச் சிதறடிப்பதையும், ஒரே அச்சில் அடக்குவதையும் 1986இல் மறுத்தார். குர்ஆனையும் ஹதீஸையும் முன்வைத்து எது சரி எனத் தலைமுறைதோறும் நடக்கும் விவாத மரபாகவே அதைக் காண வேண்டும் என்றார். வழக்கத்தைத் தீர்ப்புக்கு ஆதாரமாகக் கொள்ளும் ஃபிக்ஹுப் பொதுவிதியைக் கற்பிப்போருக்கு இது புதிதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர் ஜுமுஆவுக்குப் பின் என்னைத் தனியே சந்தித்தார். சாச்சா மகளை மணக்க விரும்புகிறார், பெரியவர்கள் ‘தங்கச்சியையா?’ என்று முகம் சுளிக்கிறார்கள். ‘ஹலாலைத் தடுக்க இவர்கள் யார்? நீங்கள் எழுதிக் கொடுங்கள்’ என்றார். நிகாஹ் கூடும் என்பதில் ஐயமில்லை எனக் கிதாபைக் காட்டி எழுதிக் கொடுத்தேன்; கூடும் என்பதால் கட்டாயமில்லை என்பதையும் சேர்த்தே எழுதினேன். பெண்ணிடம் கேட்டீர்களா என்று வினவியபோது அவரிடம் விடை இல்லை. ஒரு வாரம் கழித்துப் பெண்ணின் உம்மா என் வீட்டாரிடம் வந்து சொல்லிச் சென்றார். மகளிடம் கேட்டார்களாம். ‘நான் அவங்களைக் காக்கான்னுதானே உம்மா கூப்பிடுறேன்’ என்றாளாம். பேச்சு அத்துடன் நின்றது.